ஒரு கூரை, இரண்டு அடுப்பு

முதல் வேலையாகக் கண்ணாடிக்குப் பக்கத்து மேசையைக் கேளுங்கள். இல்லையென்றால் கொஞ்ச நேரம் நிற்கத் தயார் என்று சொல்லுங்கள். புகாராவின் வாசலில் காத்து நிற்பது யாருக்கும் புதிதல்ல. டெல்லி சாணக்கியபுரியில், சர்தார் படேல் மார்க்கில் இருக்கும் ஐ.டி.சி. மௌர்யா ஓட்டலின் உணவகம் அது. சாப்பாட்டுக் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே கண்ணாடி மட்டும்தான். அந்தப் பக்கம் தந்தூர் அடுப்புகள், நீளக் கம்பிகளில் கறியைக் கோத்துக்கொண்டு வியர்த்து நிற்கும் சமையல்காரர்கள். கொடுக்கிற காசில் பாதி அந்தக் காட்சிக்கே தகும். வந்தவர்களில் பலர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் ரொட்டியைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே ஓட்டலில் தம் புக்த் என்று இன்னோர் உணவகமும் உண்டு. கூரை ஒன்று, அடுப்பின் குணம் வேறு. புகாராவில் நெருப்பு திறந்து கிடக்கிறது. தம் புக்தில் பாத்திரத்தின் வாயை மாவு பூசி அடைத்துவிடுகிறார்கள். பெரிய ஓட்டலில் இந்தியச் சாப்பாட்டை எப்படி ரசிப்பது என்று யாராவது கேட்டால், இந்த இரண்டுக்கும் ஒவ்வோர் இரவு போய்வரச் சொல்வேன். மசாலா நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் இருக்கிறது. இப்படியொரு நெருப்பும், அதன் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்க ஆளும் வீட்டில் கிடையாது. அங்கே நாம் வாங்குவது அந்த இரண்டையும்தான். ஆகவே ரசிக்கப் பழக வேண்டியதும் அவற்றைத்தான்.

புகாராவுக்குள் முதல்முறை நுழைகிறவர்களுக்குச் சின்ன ஏமாற்றம் வரும். பட்டு மெத்தை நாற்காலி எதிர்பார்த்திருப்பார்கள். இருப்பதோ மரத்துண்டு போன்ற தாழ்ந்த முக்காலி. கனத்த மர மேசை, தொங்கும் செப்புப் பாத்திரங்கள், பலகையில் ஒட்டிய மெனு. கழுத்தில் கட்டிக்கொள்ளக் கட்டம்போட்ட துணி கொடுப்பார்கள். ஸ்பூன் வராது. கேட்டால் தருவார்கள், கேட்காதீர்கள். கையால் சாப்பிடுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றாலும், சோறு பிசைகிற கை வேறு, கபாப் தொடுகிற கை வேறு. வாயில் போடுமுன் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நன்றாகச் சுட்ட கறி அழுத்தத்துக்குக் கொஞ்சம் இணங்கி, நாராகப் பிரியத் தொடங்கும். ரப்பர் மாதிரித் திமிறினால் அவசரத்தில் சுட்டது. பொடியாக உதிர்ந்தால் அடுப்பில் மறந்துவிட்டார்கள்.

பெயரைப் பார்த்து உஸ்பெகிஸ்தான் சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். புகாரா அந்த நாட்டு நகரம், சமையலோ பெஷாவரைச் சுற்றிய வடமேற்கு எல்லைப்புறத்துடையது. பஞ்சாப் கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு தந்தூர் இருக்கும், வீட்டு மாவைக் கொண்டுபோய் அங்கே ரொட்டி சுட்டு வருவார்கள். 1947 பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து டெல்லி வந்தவர்களில் ஒருவர் குந்தன்லால் குஜ்ரால். தரியாகஞ்சில் அவர் நடத்திய மோத்தி மஹல்தான் தந்தூரி சிக்கனைத் தலைநகரத்துக்குப் பழக்கியது. (பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்ற சண்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கோழிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்கப் போவதில்லை.) புகாரா 1970களின் பிற்பகுதியில் வந்தது. அந்தச் சாப்பாட்டைப் பீங்கான் தட்டில் அலங்கரிக்காமல், முக்காலியும் கைவிரலுமாக அப்படியே ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குள் கொண்டுவந்தது அதன் துணிச்சல். மெனுவும் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

இனி அடுப்பைப் பாருங்கள். தந்தூர் என்பது வாய் குறுகிய மண்பானை போன்றது, அடியில் கரித்தணல். அதற்குள் மூன்று விதமான சூடு ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ரொட்டியை ஒட்டும் மண்சுவரின் சூடு ஒன்று. தணலிலிருந்து நேராக வந்து கறியின் மேல்தோலைக் கருக்கும் அனல் இன்னொன்று. உள்ளே சுழலும் காற்றின் வெப்பம் மூன்றாவது. இவற்றோடு, கறியிலிருந்து சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து, புகையாகித் திரும்பி வந்து கறிமேலேயே படிகிறது. தந்தூரி வாசம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் புகைதான். எந்தப் பொட்டல மசாலாவாலும் அதைத் தர முடியாது.

கண்ணாடி வழியாகக் கவனிக்க வேண்டிய நொடி ஒன்றுண்டு. பாதி வெந்த கம்பியை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் சும்மா நிறுத்திவைப்பார்கள். நீர் சொட்டும். பிறகு வெண்ணெய் தடவி மறுபடி உள்ளே இறக்குவார்கள். அந்த ஓய்வில் மேல்சூடு மெல்ல எலும்புப் பக்கம் இறங்குகிறது. அவசரமான கடைகளில் முதலில் வெட்டுப்படுவது இந்த இடைவேளைதான். பெயர்பெற்ற இடம் ஒன்றில் வெளியே கருகி உள்ளே ரத்தம் கசிந்த கோழியை ஒருமுறை எனக்குப் பரிமாறினார்கள். கம்பி ஓய்வே எடுக்கவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முர்க் மலாய் கபாபிலிருந்து தொடங்குங்கள். பாலேடும் ஏலக்காயும் சேர்ந்த மெல்லிய ருசி அது, காரமான எதையாவது முன்னால் தின்றுவிட்டால் நாக்குக்கு எட்டாது. அது பொன்னிறத்துக்குமேல் சிவந்திருக்கக் கூடாது. அடுத்ததாக விலா எலும்போடு வரும் பர்ரா கபாப். கடைசியில்தான் சிக்கந்தரி ரான், வினிகரில் ஊறிய முழு ஆட்டுத்தொடை. எது வந்தாலும் முதல் வாய் வெறுமனே. புதினாச் சட்னி, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் இரண்டாவது வாய்க்கு. சட்னியில் முக்கித்தான் தின்பேன் என்பவருக்குத் தெருவோர டிக்காவே போதும். இதைச் சொன்னதற்காக நண்பர் ஒருவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சைவர்கள் இங்கே என்ன செய்வது என்று கேட்பீர்கள். தந்தூரில் சுட்ட உருளைக்கிழங்கும் காலிஃப்ளவரும் உண்டு, இரண்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் சைவர் அசைவர் எல்லோருக்கும் அந்த இடத்தின் உச்சம் பருப்புதான். தால் புகாரா.

நமக்கு நன்றாகத் தெரிந்த கறுப்பு உளுந்துதான் அது. நாம் அதன் தோலைக் கழற்றி அரைத்துப் புளிக்கவைத்து இட்லியாக்குகிறோம். அவர்கள் தோலோடு, முழுசாக, தக்காளி இஞ்சி பூண்டு சேர்த்துத் தந்தூரின் தணலில் ராமுழுக்க வைத்துவிடுகிறார்கள். சுமார் 18 மணி நேரம். பிறகு வெண்ணெய், பாலேடு. முதல்முறை போனபோது நாங்கள் இரண்டே பேர். ரான் ஒன்று, கபாப் மூன்று வகை, மேசையைப் பாதி அடைக்கிற நான் புகாரா ஒன்று என்று வீரமாகச் சொல்லிவிட்டு, பருப்பு வந்தபோது மூச்சு விடவே இடமில்லை. என் முட்டாள்தனம். இரண்டு பேருக்கு ஒரு கபாப், ஒரு பருப்பு, ரொட்டி போதும். ரான் நாலு பேர் சேரும் நாளுக்கு.

பருப்பை முதலில் கண்ணால் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடவும் கூடாது, கட்டியாக விழவும் கூடாது. நாடாவாக இறங்க வேண்டும். உளுந்து உருவம் குலையாமல் தெரியும், நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் தோல் தடுக்காமல் கரைந்துவிடும். தோல் தனியாகப் பல்லில் மாட்டினால் நேரத்தில் கஞ்சத்தனம் செய்து, பாலேட்டை ஊற்றி மறைத்திருக்கிறார்கள். வெண்ணெய்க்கு அடியில் தக்காளியின் புளிப்பு மெதுவாக வரும், அதற்கும் பின்னால் கொஞ்சம் புகை. கபாபோடு கலந்து தின்னாமல், ரொட்டியோடு தனியாக உட்காரவைத்துத் தின்ன வேண்டிய பண்டம். 2000இல் வந்த பில் கிளிண்டன் பெயரைச் சொல்லி ஒரு தட்டுநிறையக் கறி விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

தம் புக்துக்குள் போனால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். சரவிளக்கு, மெத்தை நாற்காலி, வெண்மையும் நீலமுமான அலங்காரம். இது அவத் நவாபுகளின் லக்னோ சமையல். இதை ஐந்து நட்சத்திர மேசைக்குக் கொண்டுவந்தவர் இம்தியாஸ் குரேஷி. 2016இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2024இல் காலமானார். தம் பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். 1784 பஞ்சத்தின்போது நவாப் ஆசஃபுத்தௌலா, ஜனங்களுக்கு வேலை கொடுக்க லக்னோவில் பெரிய இமாம்பாராவைக் கட்டினார். வேலையாட்களுக்காகப் பெரிய அண்டாக்களை மூடி இரவு முழுவதும் அடுப்பில் வைத்தார்கள். ஒருநாள் மூடி திறந்த வாசம் நவாபின் மூக்குக்கு எட்டிவிட்டது. நம்புவது உங்கள் விருப்பம். இமாம்பாரா மட்டும் இன்றும் நிற்கிறது.

தம் போடுவது என்றால் என்னவென்று ஆம்பூர்ப் பக்கம் பிரியாணி தின்ற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆவி மேலே போய், மூடியில் முட்டி, நீராகி மறுபடி கறிமேலேயே சொட்டுகிறது. வெளியே போக வழியில்லாததால் வாசமெல்லாம் உள்ளேயே சுற்றுகிறது. புகாராவில் கண்ணுக்குக் கிடைத்த விருந்து இங்கே மூக்குக்கு. பிரியாணியை மாவு மூடியோடு கொண்டுவந்து மேசையில் வைத்து உடைப்பார்கள். அந்த நொடியில் பேச்சை நிறுத்திவிடுங்கள். படமெடுக்க மூடியைப் பிடித்திருக்கச் சொல்லாதீர்கள். முதல் மூச்சு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதில் தாழம்பூ வாசம் வரலாம். கேவ்ரா என்று வடக்கில் சொல்வது நம் தாழம்பூவைத்தான். எனக்கு அது வந்ததும் கறி மறந்துபோய்ப் பாட்டியின் பின்னல்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் குழப்பத்தோடு சாப்பிடுவதும் ஒரு சுகம்.

நம் ஊர் நாக்குக்கு இங்கே முதல் வாயில் ஒரு புகார் எழும்: காரமே இல்லையே. மூன்று வாய்வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். அவதிச் சமையலில் மசாலாவைத் துணிமூட்டையாகக் கட்டி வேகும் நீரில் போட்டு, சாரம் இறங்கியதும் மூட்டையை எடுத்துவிடும் வழக்கம் உண்டு. பட்டையும் கிராம்பும் பல்லில் அகப்படாது, வாசம் மட்டும் சோற்றில் நிற்கும். ‘இது ஏலக்காய், இது ஜாதிபத்திரி’ என்று விரல்விட்டுச் சொல்ல முடிந்தால் சமையல்காரர் தவறிவிட்டார் என்று பொருள்.

காக்கோரி கபாபுக்குப் பல்லே வேண்டாம். லக்னோவுக்குப் பக்கத்துச் சிற்றூர் காக்கோரி. கொத்துக்கறியை வெண்ணெயாக அரைத்து, பப்பாளிக்காய் சேர்த்து மென்மையாக்கிக் கம்பியில் ஒட்டிச் சுடுவது. கம்பியில் நிற்க வேண்டும், வாயில் நிற்கக் கூடாது, சோதனை அவ்வளவுதான். பப்பாளிக்காய் கூடிவிட்டால் பசையாகிவிடும், கறி என்ற உணர்வே இருக்காது. இதற்குத் துணை, பாலும் குங்குமப்பூவும் சேர்த்த ஷீர்மால் ரொட்டி. அதன் லேசான தித்திப்பு கறியோடு சேர்வதை முதலில் சந்தேகத்தோடுதான் தின்றேன். இப்போது அதற்காகவே போகிறேன்.

பரிமாறுகிறவரிடம் ‘இதில் என்ன மசாலா’ என்று கேட்டால் மனப்பாடமாக ஒரு பட்டியல் வரும். ‘எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது?’ என்று கேட்டுப்பாருங்கள். எனக்கு அந்தக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் கிடைத்திருக்கின்றன. சிலர் உள்ளே போய்க் கேட்டுவந்தே சொன்னார்கள்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயிரங்களில் வரும், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அதைக் கொடுத்தே தீர வேண்டுமென்று கட்டாயப்படுத்த முடியாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அப்படிச் சொல்லியிருக்கிறது. திருப்தியாக இருந்தால் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுத்துவிடலாம்.

புகாராவிலிருந்து கிளம்பும்போது இன்னொருமுறை கண்ணாடிப் பக்கம் போய்வாருங்கள். கம்பிகள் ஓய்ந்து, கூடம் காலியாகிக்கொண்டிருக்கும். நாளை இரவு வரப்போகிறவர்களின் உளுந்து அந்தத் தணலில் வேகத் தொடங்கும் நேரம் அது.