இரவு வீடுதிரும்பலும் பாடல் தொகுப்பும்: தொகைமரபு நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பின்னிரவில் வாகனம் ஓட்டி வீடு திரும்புவோர் தமக்கெனத் திரைப்பாடல்களைத் தெரிந்து வரிசைப்படுத்திக்கொள்ளும் வழக்கம் தமிழ்ச் சூழலில் ஒலிநாடாக் காலம் முதல் நிலவி வருகிறது. இவ்வழக்கத்தை வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளாமல், அளவு, அடைவு, முடிவு ஆகிய நெறிகளைக் கொண்ட தொகுப்புச் செயலாக இக்கட்டுரை அணுகுகிறது. எட்டுத்தொகை நூல்களுள் அகநானூறு, ஐங்குறுநூறு ஆகியவற்றின் அமைப்பு முறைகள் இதற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. முல்லைத் திணையின் தலைவன், பாகன் உறவு கொண்டு இரவுத் தொகுப்பின் கடமை யாது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொகைமரபு, திரைப்பாடல், ஒலிநாடா, முல்லை, பாகன், இரவுப் பயணம்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் மையமாகக் கொண்டுள்ளன. பாடலைக் கேட்பவர் பேசப்படும் இடங்களிலும் அவர் சுவைப்பவராகவே காட்டப்படுகிறார். பல பாடல்களுள் சிலவற்றைத் தெரிந்து, முன்பின்னாக அடுக்கி, ஒரு குறிப்பிட்ட பொழுதுக்கென அமைத்துக்கொள்பவராக அவர் இதுவரை உரிய கவனம் பெறவில்லை. சங்கச் செய்யுட்களைப் பாடிய புலவரைப் போற்றும் நாம் அவற்றைத் தொகுத்தோரையும் தொகுப்பித்தோரையும் பெயர் சுட்டி நினைவுகூர்கிறோம். அத்தகைய கவனத்தைத் திரைப்பாடல் தொகுப்புக்கும் நீட்டுவது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

பலவகைத் தொகுப்புகளுள் இரவு வீடுதிரும்பலுக்கான தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்குப் பயணத்தின் கால அளவு ஏறத்தாழத் தெரிந்தது. கேட்பவர் களைத்தவர், பெரும்பாலும் தனியர். சென்று சேரும் இடம் வீடு. இம்மூன்றும் உறுதியாக இருப்பதால் தொகுப்பு தன் நோக்கத்தில் வென்றதா தோற்றதா என்று மதிப்பிட இயலும். தோற்பின் இழப்பு உயிராகவும் இருக்கக்கூடும் என்பதால் இம்மதிப்பீடு வெறும் சுவை பற்றியதன்று.

தொகை நூல்களின் இருவகை அடைவு

எட்டுத்தொகையின் அகநூல்களில் முதலில் புலப்படுவது அளவு நெறி. குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என்னும் எல்லைகளை, ஒருசில விலக்குகள் நீங்கலாக, இவை பின்பற்றுகின்றன. பொருளை நோக்குமுன் நீளத்தை நோக்கியே இம்மூன்றும் பிரிக்கப்பட்டுள்ளன.

அடுத்தது அடைவு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்களெல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 என வருபவை நெய்தல். இதனால் 400 பாடல்களுள் 200 பாலையாகின்றன. எந்தத் திணையைப் படித்தாலும் அடுத்து வருவது பாலையே; எந்த இரு பிற திணைகளும் அடுத்தடுத்து நிற்பதில்லை. கூடலும் இருத்தலும் ஊடலும் இரங்கலும் பிரிவினால் இடையிடப்படுகின்றன. இதனை இடையீட்டு அடைவு எனலாம். இந்நூலின் ஒரு பகுதிக்கு மணிமிடை பவளம் என்று பெயர் அமைந்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. வேறுபட்டவற்றை மாற்றி மாற்றிக் கோப்பது ஓர் அழகாகவே கருதப்பட்டது.

ஐங்குறுநூறு வேறு வழியை மேற்கொள்கிறது. மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என்னும் வரிசையில் திணைக்கு 100 பாடல்களாக, ஒவ்வொரு நூறும் ஒரு புலவருடையதாக அந்நூல் அமைகிறது. ஒரே திணை 100 பாடல்களுக்குத் தொடர்ந்தாலும் சலிப்பு எழாமைக்குக் காரணம், ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பத்தும் தனக்கெனக் கூற்றோ சூழலோ கருப்பொருளோ கொண்டிருப்பதுதான். இதனைத் தொடர் அடைவு எனலாம். இதன் இறுதியும் கருதத்தக்கது. பேயனார் பாடிய முல்லையின் கடைசி இரு பத்துகள் தேர்வியங்கொண்ட பத்தும் வரவுச் சிறப்புரைத்த பத்தும் ஆகும். அதாவது, வீடு நோக்கித் தேரைச் செலுத்தச் சொல்லும் தலைவனையும் அவன் வந்து சேர்ந்ததையும் கூறி நூல் முடிகிறது. வீடுதிரும்பலை முடிவாகக் கொண்ட தொகுப்பு தமிழில் முன்னரே உண்டு என்பதற்கு இது சான்று.

ஒலிநாடாவும் அளவு நெறியும்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கைக்கடக்கமான ஒலிநாடா, 1980களில் தமிழகச் சிற்றூர்கள் வரை பரவியது. இசைத்தட்டு வாங்க இயலாதோரும் பாடல்களைத் தமதாக்கிக்கொள்ள இது வழிவகுத்தது. ஊர்தோறும் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் பதிவான நாடாவைப் பெற்றுவந்த தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. அந்தத் தாளே தொகுப்பாளரின் முதற்படி.

60 நிமிட நாடாவில் பக்கத்திற்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாடலாயின் 6 பாடல்கள் கொள்ளும். 90 நிமிட நாடாவில் பக்கத்திற்கு 45 நிமிடம். அதே கணக்கில் 10 பாடல்கள். அடி எல்லை செய்யுளை எந்தத் தொகையில் சேர்ப்பது என்று வரையறுத்ததைப்போல, நிமிட எல்லை இங்குத் தெரிவை வரையறுத்தது. பதினொன்றாவது பாடலுக்கு இடமில்லை என்னும் நிலையே எதை விடுவது என்னும் திறனாய்வு வினாவை எழுப்புகிறது. மேலும் நாடாவுக்கு இரு பக்கங்கள். திருப்பிப் போடும் இடம் ஓர் இடைவெளி. சிறுசேரியிலிருந்து நள்ளிரவில் பணிமுடித்து மத்திய கைலாஷ் நோக்கி வருபவருக்கு ஒரு பக்கமே ஏறக்குறையப் போதும். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் செல்பவருக்குப் பல நாடாக்கள் வேண்டும். அப்போது தொகுப்பு, பத்துகளைப்போலப் பல உட்பிரிவுகளைக் கொண்டதாகிறது.

இரவுப் பாடலின் முரண்

இரவுத் தொகுப்பில் தெரிவு எளிதன்று. தமிழ்த் திரைப்பாடலில் இரவு பெரும்பாலும் நிலவாலும் தனிமையாலும் தாலாட்டாலும் குறிக்கப்படுகிறது. இம்மூன்றுமே கேட்பவரைத் தளர்த்துபவை. நள்ளிரவு கடந்து விடியல் வரையிலான பொழுதில் உடலின் உறக்க உந்துதல் மிகும் என்பது உடலியல் கூறும் உண்மை. எனவே பொழுதுக்குப் பொருந்தும் பாடலே ஓட்டுநருக்குப் பொருந்தாப் பாடலாகவும் ஆகிறது. இம்முரணை எவ்வாறு தீர்க்கிறது என்பதே ஓர் இரவுத் தொகுப்பின் தரத்தைக் காட்டும்.

இளையராஜா இசையமைத்த நான்கு பாடல்களைக் கொண்டு இதனை விளக்கலாம். மூடுபனி (1980) படத்தின் என் இனிய பொன் நிலாவே, பயணங்கள் முடிவதில்லை (1982) படத்தின் இளைய நிலா ஆகிய இரண்டும் நிலவைப் பொருளாகவும் கித்தாரைத் தாங்குகருவியாகவும் கொண்டவை. பொருளாலும் கருவியாலும் ஒத்திருப்பதால் தொடக்கநிலைத் தொகுப்பாளர் இவற்றை அடுத்தடுத்து வைப்பார். அவ்வாறு வைப்பின் இரண்டாவது பாடலின் தொடக்கக் கித்தார் தன் புதுமையை இழக்கிறது. செவி அதனை முன்னதன் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்கிறது. இடையில் சத்யா (1988) படத்தின் வளையோசை அமைந்தால் நிலை மாறுகிறது. துள்ளல் தாளமும் இருகுரல் பரிமாற்றமும் பேருந்துக் காட்சி பற்றிய நினைவும் செவியை வேறு தளத்திற்குக் கொண்டுசென்று மீட்கின்றன. அதன்பின் வரும் கித்தார் மீண்டும் புதிதாக ஒலிக்கிறது. அகநானூற்றில் பாலை செய்யும் பணியை இங்கு அப்பாடல் செய்கிறது.

நான்காவது, மூன்றாம் பிறை (1982) படத்தின் கண்ணே கலைமானே. கண்ணதாசனின் இப்பாடல் தாலாட்டின் இயல்புடையது. பயணத்தின் நடுவில் இதற்கு இடமில்லை. அதனால் இதனை விலக்க வேண்டும் என்பதும் இல்லை. ஊர் எல்லைக்குள் நுழைந்து, வேகம் தணிந்து, தெரு விளக்குகள் தோன்றிய பின், இறுதிப் பாடலாக இது அமையுமாயின் வீட்டின் உறக்கத்திற்கு முன்னறிவிப்பாகிறது. ஒரு பாடலின் பொருத்தம் அதனுள் மட்டும் இல்லை, அது நிற்கும் இடத்திலும் உள்ளது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தலைவனும் பாகனும்

முல்லைக்குக் கார்காலத்தையும் மாலையையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் உரியனவாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. நள்ளிரவு வீடுதிரும்பல் பொழுதால் குறிஞ்சியையும் உரிப்பொருளால் முல்லையையும் சார்கிறது. இத்தகைய பொழுது மயக்கத்தை இலக்கணம் விலக்கவில்லை.

வினைமுற்றி மீளும் தலைவன் பாகனிடம் பேசுவது முல்லையின் சிறப்பான சூழல். அங்கு விரைவு தலைவனுடையது, கட்டுப்பாடு பாகனுடையது. வீட்டை எண்ணி உள்ளம் முன்னோடுபவர் ஒருவர். குதிரையையும் வழியையும் நோக்குபவர் மற்றொருவர். இன்றைய ஓட்டுநரிடம் இவ்விருவரும் ஒன்றாகிவிட்டனர். வீடு சேரும் வேட்கையும் சாலையின் மீதான கவனமும் ஒரே உள்ளத்தில் மோதுகின்றன. அருகில் அமர்ந்து பேச்சுக்கொடுப்பாரும் இல்லை. இந்நிலையில் பாடல் தொகுப்பு யார் பக்கம் நிற்க வேண்டும்? அது தலைவனின் வேட்கையை மேலும் தூண்டுமாயின் வேகமே மிகும். பாகனின் இடத்தில் அமர்ந்து நிதானத்தை வழங்குவதே அதன் கடமை. விரைவுத் தாளப் பாடல்களால் மட்டும் நிறைந்த தொகுப்பு உறக்கத்தைத் தடுக்கிறது என்று கொண்டாலும் இக்கடமையில் தவறுகிறது.

அகநானூற்றின் நான்காம் பாடலில், சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் கலங்குமென்று அஞ்சித் தேர்மணிகளின் நாவைக் கட்டிவரும் தலைவனைக் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். வீடுதிரும்பும் வேட்கையின் உச்சத்திலும் ஒலி அடக்கப்படுகிறது. வழியில் உறங்கும் ஊர்கள் உண்டு என்பதை மறவாத ஒலியளவும் இரவுத் தொகுப்பின் அறத்தில் அடங்கும். எந்தப் பாடலும் ஓய்வுக்கு மாற்றாகாது என்பதும் அவ்வறத்தின் ஒரு கூறே. ஒரு நாடாவின் பக்கம் முடியும் இடத்தில் தேநீர்க்கடையில் வண்டியை நிறுத்துவது பாகன் குதிரைக்குத் தரும் இளைப்பாறலுக்கு ஒப்பாகும்.

முடிவில்லாத் தொகுப்பு

எம்பி3 குறுவட்டு ஏறத்தாழ 12 மணிநேரப் பாடல்களைக் கொண்டது. அளவு நெறி அதனோடு தளர்ந்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபின் இணையவழி இசைச்செயலிகளின் போட்டி மேலும் பெருகியது. ஒரு பட்டியல் முடிந்ததும் அதனை ஒத்த பாடல்களைத் தாமே தொடர்ந்து இசைப்பது இச்செயலிகளின் இயல்பு. இவை தரும் இரவு, மென்மை, தனிமை என்னும் மனநிலைப் பட்டியல்கள் புறத்தோற்றத்தில் ஐங்குறுநூற்றுத் தொடர் அடைவை ஒத்தவை. எனினும் அந்நூலின் பத்துப் பிரிவும் வரவு என்னும் முடிவும் இவற்றில் இல்லை. ஒத்ததை ஒத்ததோடு சேர்ப்பது தெரிவாகும், அடைவாகாது.

இதனால் ஒலிநாடாக் காலத்தைப் பொற்காலமாக்குவது நேர்மையன்று. ரெக்கார்டிங் சென்டர் பதிவுகள் பெரும்பாலும் உரிமையாளரின் இசைவின்றி நிகழ்ந்தவை; 1984இல் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது இத்தகைய படியெடுப்புகளை நோக்கியே. இன்றைய செயலிகளிலும் ஒருவர் தம் பட்டியலைத் தாமே அமைக்கலாம். கருவி அதனைத் தடுப்பதில்லை. எல்லை இல்லாதவிடத்து எல்லையைத் தாமே விதித்துக்கொள்ளும் பொறுப்பு தொகுப்பாளருக்குக் கூடியுள்ளது என்பதே வேறுபாடு. சங்கத் தொகையோடு இதனை ஒப்பிடுவதற்கும் வரம்பு உண்டு. அரசர் ஆதரவில் பலருக்காகத் தொகுக்கப்பட்டவை அவை. ஒருவர் தமக்கெனத் தொகுத்துக்கொள்வது இது. ஒப்புமை நெறியில் மட்டுமே, தகுதியில் அன்று.

முடிவுரை

அளவு, இடையீட்டு அடைவு, வரவு என்னும் முடிவு ஆகிய மூன்றும் இரவு வீடுதிரும்பல் தொகுப்பை மதிப்பிட உதவும் அளவுகோல்கள் என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. தலைவனின் வேட்கையைப் பாடும் பாடல்களைக் கொண்டே பாகனின் பணியைச் செய்வது அதன் தனித்தன்மை. காந்த நாடாக்கள் நாளடைவில் சிதைவன. நாடாவைவிட விரைவில் மறைபவை அவற்றின் உறையில் கையால் எழுதப்பட்ட பாடல் வரிசைகள். திரைப்படப் பாட்டுப் புத்தகங்களைப் பேணுவதைப்போல இவ்வரிசைகளையும் திரட்டி ஆவணப்படுத்துவது உடனடித் தேவை. எந்தப் பாடல் விரும்பப்பட்டது என்பதைப் பாட்டுப் புத்தகம் ஓரளவு சொல்லும். எந்தப் பாடலுக்குப்பின் எந்தப் பாடலோடு ஒருவர் வீடு சேர்ந்தார் என்பதைச் சொல்ல அந்தத் தாள்கள் மட்டுமே உள்ளன.