பின்பாரத்தின் அருமை

முன்வாளி பூட்டிய சிறு டிராக்டரில் கண் போவது வாளிமேல்; மெச்ச வேண்டியது பின்னால் தொங்கும் பாரத்தை. நெகிரி செம்பிலானின் சுங்கை காடுட் போன்ற செம்பனை வட்டாரத்தில், மழை நனைத்த சரிவில் வாளி நிறைந்ததும் முன் அச்சு தராசின் நடுமுனை ஆகிவிடும். பின்சக்கரம் இலேசாகும், பிடிப்பும் பிரேக்கும் தளரும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவது மலிவான வழி. வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம்வரை நிரப்பினால் டயர் ஏறக்குறைய 75 விழுக்காடு நிறையும். உறைபனி இல்லாத நெகிரி செம்பிலானில் வெறும் தண்ணீரே போதும். ஆனால் அந்த எடை பின் அச்சோடு நின்றுவிடும். மூன்றுமுனை இணைப்பில் தொங்கும் கான்கிரீட் கட்டையோ அச்சுக்கும் பின்னால் இருப்பதால், முன் அச்சின் சுமையையும் குறைக்கிறது.

டயர் தேர்விலும் பாரமும் பிடிப்பும்தான் கணக்கு. தடித்த ஆர்-4 டயர் பாரம் தாங்கும். ஈரக் களிமண்ணிலோ அதன் பள்ளங்கள் சேறடைத்து வழுக்கும். ஆழப் பள்ளம் வைத்த ஆர்-1 சேற்றை உதறிவிட்டுக் கவ்வும். பின்பாரத்தால் எடை கூடினால் மண் இறுகி, மேலாகப் படரும் செம்பனை வேர் நசுங்காதா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் கழற்றக்கூடிய பாரம் மேல்: வாளி வேலை முடிந்ததும் இறக்கிவிடலாம். பாரமின்றிச் சுழலும் சக்கரமும் மண்ணைக் கிழிக்கிறது. சரிவில் ஓட்டுநரின் உயிரையும் பணயம் வைக்கிறது.