சரித்திரத்தைப் பொருள் வாரியாகப் படித்தல்

அரசர்களின் வம்சாவளியையும் யுத்தங்களின் தேதிகளையும் தேசம் தேசமாக மனப்பாடம் செய்வித்த பழைய முறையில் சலிப்புற்றவர்கள், பேரரசு, வாணிகம், கொள்ளைநோய், அடிமை முறை என்று எல்லாச் சமுதாயங்களிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் பொருள்களின் வழியே உலக சரித்திரத்தை அறிய விரும்புவது இயல்பே. இம்முறைக்கு மூதாதை எனத்தக்க இப்னு கல்தூன், 1377-இல் வட ஆப்பிரிக்கக் கோட்டையொன்றில் ஒதுங்கியிருந்து ‘முகத்திமா’ என்னும் நூலை எழுதியபோது, பாலைநிலத்துக் குலங்களின் கூட்டுப்பற்றே ராஜ்யங்களைப் பிறப்பிக்கிறது என்றும், நகரத்துச் சுகபோகத்தில் அப்பற்றுத் தேய, மூன்று தலைமுறைகளில் வம்சம் நலிகிறது என்றும் கண்டார். தம் நாட்டு வம்சங்களைப் பொறுத்தவரை அது அபாரமான தரிசனம். ஆயினும் ஆறு நூற்றாண்டு நிலைத்த உதுமானிய வம்சம் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

இம்முறையின் மெய்யான பலத்தை நான் உணர்ந்தது கொள்ளைநோயின் சரித்திரத்தில்தான். 1347-இல் மெஸ்ஸினாத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிளேக் இங்கிலாந்தை அடைந்து உழுவாரை வாரிக்கொண்டு போனபின், எஞ்சியவர்கள் அதிகக் கூலி கேட்க, பழைய கூலிக்கே உழைக்க வேண்டுமென்று 1351-இல் பார்லிமெண்டு சட்டம் செய்தும் பயனின்றி, பண்ணையடிமைத்தனம் அங்கே படிப்படியாக மறைந்தது. எல்ப் நதிக்குக் கிழக்கேயோ, பின்வந்த நூற்றாண்டுகளில் பிரபுக்கள் குடியானவனை முன்னிலும் இறுக்கமாக மண்ணோடு பிணைத்தார்கள். எகிப்தில், நிலத்தின் வருவாயைப் பெற்ற மம்லூக் போர்வீரர்களுக்கு அந்நிலம் பரம்பரைச் சொத்தாகாததால் அதன் நாளைய நிலை பற்றிய கவலை குறைவு. ஆட்களும் மடிந்துபோகவே நைல் நதியின் கரைகள் சிதைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து, பாசனமே சீர்குலைந்தது. இங்கிலாந்தை மட்டும் படித்தவன், ஆள் குறைந்தால் ஏழைக்கு விடிவு பிறக்கும் என்றே நம்பியிருப்பான். நிலம் எவர் கையில், எந்த நிபந்தனையில் இருந்தது என்று கேட்க அவனுக்குத் தோன்றியிராது.

கேள்வி எழுப்புவதற்குரிய பொருளைச் சரித்திர நியதியாகவே உயர்த்திவிடும்போதுதான் விபரீதம் நேர்கிறது. சரித்திர ஆசிரியர் ஆர்னால்டு டாயின்பி 21 நாகரிகங்களை வகுத்து, அறைகூவலும் அதற்கான மறுமொழியுமாக அவற்றின் வாழ்வைக் கண்டார். தம் வகுப்பில் அடங்காத யூத சமுதாயத்தை, உயிரோடு வாழும் மக்களை, மாண்ட நாகரிகமொன்றின் கற்படிவம் என்றார். அத்தனை பெரிய பாண்டித்தியம் அந்தச் சொல்லில் வந்து இடறியதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. தம் சரித்திர நூலின், 1961-இல் வெளிவந்த பன்னிரண்டாம் தொகுதியில் கண்டனங்களுக்குச் செவிசாய்த்து, தம் கருத்துகள் பலவற்றை அவரே மறுபரிசீலனை செய்தது அவருடைய பெருமை.

பொருளுக்குத் தலைப்பாக இடும் சொல்லிலேயே இன்னோர் அபாயம் ஒளிந்திருக்கிறது. மேற்சொன்ன மம்லூக்குகளின் பெயருக்கே உடைமையாக்கப்பட்டவர் என்பதுதான் பொருள். அடிமையாக விற்கப்பட்ட பைபர்ஸ் 1260-இல் எகிப்தின் சுல்தானானார். பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்ணோ, தன் வயிற்றில் பிறந்த சிசுவும் பிறந்த கணமே எசமானனின் சொத்தாவதைக் கண்டாள். அடிமை முறை என்ற ஒரே அத்தியாயத்தில் இவ்விருவரும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகிறார்கள்.