மெட்டும் ஒலியும்: 'டாக்டர் ஹூ' முகப்பிசையின் இசையமைப்பாளர் யார்?

1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடர் தொடங்கியது. அதன் முகப்பிசை இன்று மின்னணு இசை வரலாற்றின் முக்கியமான படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதை எந்த இசைக்குழுவும் வாசிக்கவில்லை. சிந்தசைசர் என்னும் கருவி கடைகளில் கிடைக்காத காலம் அது. ஆய்வகச் சோதனைக்கு வைத்திருந்த சாதனங்கள், மீட்டப்பட்ட ஒற்றைத் தந்தி, காந்த ஒலிநாடா, சவர பிளேடு ஆகியவற்றைக் கொண்டு அந்த இசை உருவாக்கப்பட்டது.

இசையமைப்பாளர் என்று அறிவிக்கப்பட்டவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் கிரெய்னர். நாம் காதால் கேட்கும் ஒவ்வொரு ஒலியையும் செய்தவர் டெலியா டெர்பிஷயர். ஐம்பது ஆண்டுகள் வரை அவருடைய பெயர் அத்தொடரின் திரையில் வரவில்லை. இதை ஒரு தனிமனிதருக்கு நேர்ந்த அநீதியாக மட்டும் பார்ப்பது போதாது. 'இயற்றுதல்' வேறு, 'தயாரித்தல்' வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் சோதனை மின்னணு இசைக்குப் பொருந்துமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

பட்டறை என்ற பெயர்

பி.பி.சி. ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் 1958-ல் லண்டனின் மெய்டா வேல் பகுதியில் தொடங்கப்பட்டது. டாஃப்னி ஓரம், டெஸ்மண்ட் பிரிஸ்கோ ஆகிய இருவரும் அதன் தொடக்கத்துக்குக் காரணமானவர்கள். வானொலி நாடகங்களுக்கும் பின்னர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் தேவையான புதுவகை ஒலிகளைச் செய்து தருவது அதன் பணி. 'வொர்க்‌ஷாப்' என்றால் பட்டறை. அந்தப் பெயரிலேயே நிறுவனத்தின் பார்வை தெரிகிறது. பட்டறையில் வேலை செய்பவர் தொழில்நுட்பப் பணியாளர். கலைஞர் வெளியிலிருந்து வருவார். நிகழ்ச்சியின் முடிவில் தனிநபர் பெயருக்குப் பதிலாகப் பட்டறையின் பெயரே பெரும்பாலும் இடம்பெற்றது.

டெர்பிஷயர் 1937-ல் கோவென்ட்ரி நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் கணிதமும் இசையும் பயின்றார். 1959-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று பதில் வந்தது. 1960-ல் பி.பி.சி.யில் சேர்ந்து, 1962-ல் பட்டறைக்கு வந்தார். அடுத்த ஆண்டே கிரெய்னரின் கையெழுத்துப் பிரதி அவர் மேசைக்கு வந்தது.

ஒரு தாளிலிருந்து ஒலிக்கு

கிரெய்னர் எழுதித் தந்தது ஒரே ஒரு தாள். அதில் மெட்டும் அடிநாதத்தின் சுரங்களும் இருந்தன. வேறு சில இடங்களில் 'காற்றுக் குமிழி', 'மேகம்' என்ற பொருள் தரும் சொற்களை மட்டும் குறித்திருந்தார். 'மேகம்' என்ற சொல்லுக்குச் சுரம் கிடையாது. கால அளவும் கிடையாது. அது எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு முழுவதும் டெர்பிஷயரிடம் வந்து சேர்ந்தது.

அவர் மூன்று மூலப்பொருள்களை எடுத்துக்கொண்டார். முதலாவது, ஒற்றைத் தந்தியை மீட்டிப் பதிவு செய்த ஒலி. இரண்டாவது, ஆசிலேட்டர் என்னும் அலையியற்றி தரும் தூய தொனி. மின்சாதனங்களைச் சோதிப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவியில் இசைக்கட்டைகள் கிடையாது. திருகு மட்டுமே உண்டு. மூன்றாவது, வெண்ணிரைச்சல். எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கலந்த ஒலி இது. வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே கேட்கும் இரைச்சலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

தந்தியின் ஒலியிலிருந்து அடிநாதம் உருவாயிற்று. நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். அதன் நீளம் பாதியாகும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், நீளம் இருமடங்காகும். இப்படி வேகத்தை மாற்றி மாற்றி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, தேவையான நீளத்துக்கு வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார்கள். மெட்டின் வழுக்கி ஏறும் ஒலிக்கு ஆசிலேட்டரின் திருகைக் கணக்கிட்ட நேரத்தில் கையால் திருப்பினார்கள். வெண்ணிரைச்சலை வடிகட்டி வழியே செலுத்தி, கிடைத்த சீறலையும் குமிழையும் வெட்டித் தாளத்தில் அமைத்தார்கள்.

இதில் உள்ள உழைப்பை ஒரு சிறு கணக்கு விளக்கும். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுவதாகக் கொண்டால், அரை நொடிச் சுரத்துக்கு ஏழரை அங்குல நாடா வேண்டும். தாளத்தின் அளவு இங்கே அங்குலக் கோலின் அளவாகிறது. இரண்டே கால் நிமிட இசைக்கு ஓர் அடுக்குக்கு மட்டும் ஏறத்தாழ 170 அடி நாடா. பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் கருவி அவர்களிடம் இல்லை. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனி இயந்திரத்தில் ஏற்றி, எல்லா இயந்திரங்களையும் ஒரே கணத்தில் முடுக்கினார்கள். ஒன்று பிசகினால் மீண்டும் முதலிலிருந்து. எங்கோ ஒரு சுரம் பொருந்தாமல் போனபோது, நாடாக்களை மெய்டா வேல் கட்டடத்தின் நீண்ட நடைபாதையில் அருகருகே விரித்து, எந்த ஒட்டு தவறான இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் தேடினார்கள். டெர்பிஷயருடன் இந்த வேலையில் இருந்தவர் உதவியாளர் டிக் மில்ஸ்.

கோர்ப்பதே இயற்றுவது

மேலே சொன்னவை வெறும் செயல்முறை விவரங்கள்தானா? ஒரு சிறு நுட்பத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். வீணையில் மந்தர ஸ்தாயியிலும் தார ஸ்தாயியிலும் மீட்டுவது ஒரே விரல். மீட்டும் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. நாடாவில் அப்படியில்லை. வேகத்தைக் குறைத்தால் சுருதியோடு சேர்ந்து மீட்டலும் மெல்ல இழுபடும். தந்தி கனத்து முனகும். வேகத்தைக் கூட்டினால் மீட்டல் கூர்மையாகித் தெறிக்கும். ஆகவே அந்த அடிநாதத்தில் ஒவ்வொரு சுரமும் சற்றே வேறு கருவியில் பிறந்ததுபோல் ஒலிக்கிறது. எந்த வாத்தியக்காரரும் வாசித்துத் தர முடியாத குணம் இது. கிரெய்னரின் தாளில் இது இல்லை, இருக்கவும் முடியாது. பிளேடு எங்கே விழ வேண்டும், மீட்டலின் முனை எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எடுத்த முடிவிலிருந்துதான் அது வந்தது. அந்த முடிவுகளின் தொகுப்புக்கு இயற்றல் என்பதைத் தவிர வேறு பெயர் பொருந்தாது.

இதே வேலை வேறு நகரங்களில் அந்தப் பெயரைப் பெற்றுவிட்டது. 1948-ல் பாரிஸில் பியேர் ஷெஃபேர் ரயில் ஒலிகளைப் பதிவு செய்து, தட்டுகளில் வெட்டித் திருப்பி அமைத்து ஒரு படைப்பை ஒலிபரப்பினார். 1956-ல் கொலோன் வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹௌசன் ஒரு சிறுவனின் குரலையும் மின்தொனிகளையும் நாடாவில் இணைத்து ஒரு படைப்பை அரங்கேற்றினார். இருவரும் இசை வரலாற்று நூல்களில் இசையமைப்பாளர்கள். பாரிஸிலும் கொலோனிலும் இயற்றலாகக் கொள்ளப்பட்ட செயல், லண்டன் பட்டறையில் பணியாளரின் வேலையாக இருந்தது. கைகள் செய்தது ஒன்றே. வேறுபட்டது நிறுவனம் வைத்த பெயர்.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

இதை மறுத்து ஒரு நியாயமான வாதம் உண்டு. ஒரு கீர்த்தனையைப் பாடகர் தம் கமகங்களால் எவ்வளவு செழுமைப்படுத்தினாலும் அது இயற்றியவருடைய கீர்த்தனையாகவே நிற்கிறது. டெர்பிஷயரும் அப்படி ஒரு சிறந்த நிகழ்த்துநர் என்று ஏன் சொல்லக்கூடாது?

1980-ல் பட்டறையைச் சேர்ந்த பீட்டர் ஹவல் அதே முகப்பிசையைச் சிந்தசைசர்களைக் கொண்டு புதிதாகச் செய்தார். மெட்டு அதேதான், கேட்டவுடன் அடையாளம் தெரிகிறது. இது கிரெய்னரின் உரிமையை உறுதிப்படுத்துகிறது. அவருடைய பங்கைக் குறைத்துப் பேசுவது சரியாகாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒரே கீர்த்தனையை இருவர் பாடியதாக உணர்வதில்லை. பழையதில் ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. புதியதில் இசைக்கட்டையின் இருப்பு தெளிவாகத் தெரிகிறது. மெட்டு மாறாமலே படைப்பு மாறிவிட்டது. அப்படியானால் படைப்பு என்பது மெட்டு மட்டும் அன்று. பாடகர் கீர்த்தனையை மறுநாள் வேறுவிதமாகப் பாடலாம். டெர்பிஷயரின் நாடா ஒருமுறை ஒட்டப்பட்டதும் முடிந்துவிட்டது. அதை நிகழ்த்த யாரும் தேவையில்லை, நாடாதான் படைப்பு.

கிரெய்னரே இதை ஒப்புக்கொண்டார் என்பது முக்கியம். முடிந்த இசையைக் கேட்டு வியந்த அவர், டெர்பிஷயருக்கும் இசையமைப்பாளர் என்ற இடமும் உரிமத்தொகையில் பங்கும் கிடைக்க முயன்றார். பட்டறைப் பணியாளர்கள் பெயரின்றி இருக்க வேண்டும் என்ற பி.பி.சி.யின் நடைமுறை அதற்கு இடம் தரவில்லை. திரையில் கிரெய்னரின் பெயரும் பட்டறையின் பெயரும் மட்டும் வந்தன. 1964-ல் அந்த இசை இசைத்தட்டாக வெளியானது. வெளியிட்டது, பெண்களை அமர்த்துவதில்லை என்று சொன்ன அதே டெக்கா நிறுவனம்.

மெட்டு இல்லாத இடத்தில்

'மெட்டு வேறொருவருடையது' என்ற மறுப்புக்கே இடமில்லாத படைப்பு, டெர்பிஷயர் சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்குச் செய்த 'புளூ வெய்ல்ஸ் அண்ட் கோல்டன் சாண்ட்ஸ்'. இதன் முக்கிய மூலப்பொருள் ஓர் உலோக விளக்குக் கவிகை. அதைத் தட்டி, எழுந்த ரீங்காரத்தைப் பதிவு செய்தார். தட்டிய கணத்தை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் நீளும் அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த அதிர்வில் அடங்கிய அலைகளைப் பிரித்தறிந்து, ஆசிலேட்டர்களால் மீண்டும் கட்டினார். தொடக்கம் அறுக்கப்பட்ட ஒலிக்கு மூலம் தெரியாது. அது தொலைவிலிருந்து தானே தோன்றுவதுபோல் கேட்கும். பாலைவனக் காட்சிக்கு அது பொருந்தியது தற்செயல் அன்று. இங்கே மெட்டெழுதிய தாளும் இல்லை, மெட்டெழுதிய இன்னொருவரும் இல்லை. ஒலியைத் தேர்வதும் வெட்டுவதும் கட்டுவதுமே இயற்றல்.

இரண்டு மறைப்புகள்

டெர்பிஷயர் 1973-ல் பி.பி.சி.யை விட்டு விலகினார், 2001-ல் மறைந்தார். அவர் வீட்டில் இருந்த 267 ஒலிநாடாக்கள் பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டன. 2013-ல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில், முகப்பிசைக்காக அவர் பெயர் முதன்முறையாகத் திரையில் வந்தது.

அதன் பிறகு எதிர்த்திசையில் ஒரு மிகை வளர்ந்திருக்கிறது. தனியறையில் ஒரு மேதை எல்லாவற்றையும் ஒற்றையாகச் செய்தார் என்ற கதை இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்கதையில் கிரெய்னரின் மெட்டும் டிக் மில்ஸின் உழைப்பும் காணாமல் போகின்றன. ஒருவரை மறைத்த பழைய பிழைக்கு, மற்ற இருவரை மறைப்பது பரிகாரம் ஆகாது. மின்னணு இசை பெரும்பாலும் பல கைகள் சேர்ந்து செய்வது. ஒற்றை ஆசிரியரைத் தேடும் பழக்கமே முதல் பிழைக்கும் காரணமாக இருந்தது.

இன்று கணினியில் இசை செய்யும் மாணவர் ஓர் ஒலித்துண்டை வெட்டுகிறார், சுருதியை ஏற்றி இறக்குகிறார், அடுக்குகளை அருகருகே வைத்துப் பொருத்துகிறார். திரையில் இடமிருந்து வலமாக நீளும் அந்தப் பட்டைகள், மெய்டா வேல் நடைபாதையில் விரிக்கப்பட்ட நாடாக்களின் வழிவந்தவை. பிளேடுக்குப் பதில் சுட்டி வந்திருக்கிறது. தவறினால் ஒரு விசையில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எங்கே வெட்டுவது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. தமிழில் இசைக்கோர்ப்பு என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. தொழில்நுட்பப் பணி என்ற அளவில் அச்சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள், 'டாக்டர் ஹூ' முகப்பிசையை ஒருமுறை கவனித்துக் கேட்கலாம். கோர்த்தவர் பெயரை விட்டுவிட்டு அந்த இசையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது விளங்கும்.