ஈவுக்கு யார் கணக்குக் கேட்பது?

1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். கையில் உயிரோடு இருக்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு கொண்டுபோய் இணைப்பது அவர் முறை. பல வாரப் பயிற்சிக்குப் பிறகு விரல் விரியும், மடங்கும், பிடிக்கும். குணமாகி ஊர் திரும்பியவர்களில் சிலர் கொஞ்ச நாளில் முறையீட்டோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாகிவிட்டதால் பிச்சை குறைந்துவிட்டது என்றார்கள். மடங்கிய விரலைக் கண்டு இரங்கியவர்கள் நிமிர்ந்த விரலுக்குக் காசு போடவில்லை. தொழுநோய் கண்ட ஆள் என்று தெரிந்தபின் வேலை கொடுக்கவும் ஆளில்லை, குடியிருக்க இடம் கொடுக்கவும் ஆளில்லை.

கொடுத்ததோடு கடமை முடியவில்லை என்பதை அந்த மருத்துவர் நோயாளிகளிடமிருந்துதான் கற்றார். கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கே ஒரு தச்சுப் பட்டறை. மருத்துவம் படிக்கும் முன் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் கற்றவர் பிராண்ட். மர வேலையைத் தாமே சொல்லிக்கொடுத்தார். உணர்ச்சியற்ற கை எந்த உளியில், எந்தப் பிடியில் புண்ணாகிறது என்பதை நெருங்கிப் பார்க்க அவருக்குக் கிடைத்த இடமும் அதுவே.

இவர் 1914இல் பிறந்தது நம் கொல்லிமலையில். சேந்தமங்கலம் பக்கம் நின்றால் வானத்தை மறைத்து நிற்கும் மலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை ஏறுகிறது. அன்று கால்நடைப் பாதைதான். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் போகத் தயங்கிய இடம். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த அவர் பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் திருமணமான கையோடு அங்கே ஏறிக் குடியிருந்தார்கள்.

கிறிஸ்தவ விசுவாசத்தில் ஒரே மூச்சில் சொல்லவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. நம்மிடம் இருப்பதெல்லாம் தேவன் தந்தது என்பது ஒன்று. தந்ததற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சேலம், நாமக்கல் சபைகளில் இருக்கும் நாம் மனமார, கண்ணீரோடு சொல்கிறோம். இரண்டாவதைக் காணிக்கைப் பையோடு முடித்துவிடுகிறோம் என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பிடித்த வாழ்க்கை எப்படி இருக்கும், அப்படிப் பிடித்தவர்களிடமும் எது பிசகும் என்று பார்க்க, பிராண்ட் குடும்பத்தைவிட நெருக்கமான சான்று நம் வட்டாரத்தில் இல்லை.

ஜெஸ்ஸி தமக்குக் கிடைத்த ஈவுகள் என்று எவற்றை எண்ணினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தொழிலால் கட்டடக்காரர். மிஷனரியாகப் புறப்படும் முன் கொஞ்சம் வெப்பமண்டல மருத்துவம் படித்திருந்தார். இந்த இரண்டும்தான் அவர் கைமுதல். வீடு, பள்ளி, மருந்தகம் என்று கட்டினார். மலைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். அக்காலத்தில் மலையில் நரம்புச் சிலந்தி பெருநோய். படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் பரவுவது. காலில் புண்ணாகி வெளியே தலைநீட்டும் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் நாள் கணக்கில் இழுக்க வேண்டும். அந்த வேலையைத் தந்தை பொறுமையாகச் செய்ததைப் பார்த்து வளர்ந்ததாகப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். (இந்தியா நரம்புச் சிலந்தியிலிருந்து விடுபட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்தான்.) இன்று நாம் வரம் பெற்றவர் என்று யாரைக் குறிப்பிடுகிறோம்? நன்றாகப் பிரசங்கிப்பவரை, நன்றாகப் பாடுபவரை. சுவர் எழுப்பத் தெரிந்தவரின் கையை, புண் கழுவத் தெரிந்தவரின் பொறுமையை வரங்களின் பட்டியலில் நாம் சேர்ப்பதே இல்லை.

முதல் சில ஆண்டுகள் அவர்கள் சொன்னதை மலையில் எவரும் ஏற்கவில்லை. இன்ஃபுளுயென்சா மலையைத் தாக்கியபோது, அதுவரை அவர்களை எதிர்த்துவந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர் படுக்கையில் விழுந்தார். அண்ட ஆளில்லாத நேரத்தில் கஞ்சி கொண்டுபோனவர்கள் பிராண்ட் தம்பதி. சாகும் முன் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார் பூசாரி. மலையில் சபை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவும் ஈவையும் கணக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கத்தின் பலம். தன்னிடம் இருப்பது தன்னுடையது அன்று என்று ஒருவர் உண்மையாக நம்பினால் அது எவ்வளவு தூரம் அவரை அழைத்துச் செல்லும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சபைகளில் இக்கதையைச் சொல்பவர்கள் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 1923இல் ஒன்பது வயதுப் பாலையும் தங்கை கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. மரணச் செய்தி தந்தியில் வந்த பிறகும், கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. தந்தைமீது பால் பிராண்ட் வாழ்நாள் முழுதும் மாறாத மரியாதை வைத்திருந்தார். அது மகனின் பெருமை. அதைக் காட்டி அந்தப் பிரிவுக்கு நாம் நியாயம் எழுதிவிட முடியாது. பிள்ளைகளும் அவர்களுக்குக் கிடைத்த ஈவுதானே? ஓர் ஈவுக்கான கடமையை நிறைவேற்ற இன்னோர் ஈவு விலையாகும்போது, அந்த விலையைத் தருபவர்கள் தீர்மானத்தில் பங்கில்லாத சிறுவர்கள். இன்றும் ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெற்றோர் முகம் பார்க்காமல் விடுதிகளில் வளர்வதைத் தியாகம் என்று மேடையில் சொல்லிப் பாராட்டுகிறோம். தியாகம் செய்தது யார் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்பதில்லை.

ஈவ்லின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. கணவரை மலையில் அடக்கம் செய்தபின் அவர் பல ஆண்டுகள் சமவெளியில் பணிசெய்தார். வயதாகிவிட்டது, ஓய்வு பெறலாம் என்று மிஷன் சொன்னபோது, மிஷன் தயவின்றித் தனியாக மலைக்கே திரும்பினார். கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன், பச்சைமலை என்று மட்டக்குதிரையில் ஏறி அலைந்தார். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு இரண்டு கழிகளை ஊன்றி நடந்தார். 1974இல் 95 வயதில் இறக்கும்வரை ஓயவில்லை. ஜெஸ்ஸியின் அருகிலேயே அடக்கம். இதைப் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. என்றாலும் என் தீர்ப்பு அவர் பக்கம்தான். இம்முறை விலை கொடுத்தது அவர் உடல், தீர்மானமும் அவருடையது.

பால் பிராண்டின் சிந்தனையில் மிகவும் விவாதத்துக்குரிய இடம், வலியையே தேவன் தந்த ஈவு என்று அவர் சொன்னது. 1993இல் எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து இதற்கென ஒரு புத்தகமே எழுதினார். அவர் அந்த முடிவுக்கு வந்த வழி மருத்துவ வழி. தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைக் கொல்கிறது. வலி தெரியாததால் நோயாளி சுட்டுக்கொள்கிறார், வெட்டிக்கொள்கிறார், புண்ணோடு நடக்கிறார். சதை அப்படித்தான் தேய்கிறது என்று அவர் கண்டறிந்தார். இரவில் சிலருடைய விரல் காணாமல் போனதற்குக் காரணம் எலி என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார். ஒரு முறை பயணத்தின் இடையே தம் குதிகாலில் உணர்ச்சியே இல்லை என்று கண்டு, தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் கலங்கிக் கிடந்தார். காலையில் ஊசியால் குத்தியபோது சுரீரென்று வலித்தது. அந்த வலிக்காகத் தேவனுக்கு நன்றி சொன்னார். பின்னர் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கும் செயற்கைக் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். சமிக்ஞை தொந்தரவாக இருந்தபோதெல்லாம் நோயாளிகள் அதை அணைத்துவிட்டார்கள், முயற்சி கைவிடப்பட்டது.

இந்தச் சிந்தனையின் பயன் கண்கூடானது. வலி செய்ய வேண்டிய காவலை நாம் செய்ய வேண்டும் என்ற பொறுப்பு அதிலிருந்து பிறந்தது: தினமும் கைகால்களைக் கண்ணால் சோதிப்பது, தகுந்த செருப்புப் போடுவது, சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிப்பது. இன்று சர்க்கரை நோயாளிக்குப் பாதப் பராமரிப்பு சொல்லும் மருத்துவமனைகள்வரை அதன் தடம் உண்டு.

அதே வாக்கியம் மருத்துவரின் வாயிலிருந்து பிரசங்க மேடைக்கு மாறும்போதுதான் கெடுகிறது. பிராண்ட் சொன்னது உடல் எச்சரிக்கும் வலியை. கூலி மறுக்கப்பட்டவனின் வலியை அன்று, சேரியில் பிறந்ததால் தனிக் கல்லறைக்கு ஒதுக்கப்பட்டவரின் வலியை அன்று, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் மாட்டிய பெண்ணின் வலியை அன்று. அந்தப் பெண்ணிடம் போய், இது உனக்குத் தேவன் தந்த சிலுவை, சுமந்துகொள் என்று சொல்லும் ஆலோசனை நம் சபைகளில் இன்னும் ஒழியவில்லை. வலியை ஈவு என்று சொல்லும் உரிமை அதை அனுபவிப்பவருக்கு மட்டுமே உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு இருப்பது, அந்த வலி எதை எச்சரிக்கிறது என்று தேடிப் பார்த்துச் சரிசெய்யும் கடமை. பிராண்டின் நேர்மையும் அதில்தான் இருக்கிறது: வலியைப் புகழ்ந்த மனிதர் தம் ஆயுளைச் சிகிச்சையில் செலவழித்தார்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். அறுப்பின் பண்டிகையன்று குச்சிக்கிழங்கும் வாழைத்தாரும் முட்டைத் தட்டும் பீடத்தின்முன் குவிகின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் இதே நன்றி பொங்கலில் பொங்குகிறது. புது லாரி வாங்கினால் முதல் லோடு ஏற்றும் முன் ஆயரை அழைத்து ஜெபிக்கிறார்கள். கடனில் முழுகிய கோழிப்பண்ணை மீண்டால் சபைமுன் சாட்சி சொல்கிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. மழையையும் தீவன விலையையும் நம்பிப் பிழைக்கும் மக்களுக்கு, தன் சாமர்த்தியம் மட்டுமே தன்னை வாழவைக்கவில்லை என்று தெரியும். கூலிக்காரப் பெண் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை வசதியுள்ளவர் பல மடங்கு விலைக்கு ஏலம் எடுக்கும்போது அவள் காணிக்கைக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. அந்தப் பணத்தில் பள்ளிக்குக் கூரை ஏறுகிறது.

பிசகு, நாம் படிக்கும் வேதபாகத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. இந்நாட்களில் அதிகம் பிரசங்கிக்கப்படுவது மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தாலந்து உவமை. ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 நாள் கூலி. ஒரு தொழிலாளி 20 ஆண்டு உழைத்துச் சம்பாதிப்பது. அவ்வளவு பெரிய தொகை ஒப்படைக்கப்பட்டது, பெருக்கியவன் பாராட்டப்பட்டான், புதைத்தவன் தள்ளப்பட்டான் என்று முடித்துவிடுகிறோம். கேட்பவர் மனதில் நிற்பது, தொழில் பெருகினால் தேவன் மகிழ்கிறார் என்பது. நட்டப்பட்டவனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அவன் சாட்சி சொல்ல எழுவதில்லை. உவமை முடிந்ததும் அதே அதிகாரத்தில் இயேசு இன்னொரு கணக்கு கேட்கிறார்: பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், நோயாளிக்குத் துணை. தாலந்தைப் பெருக்கியவனிடம் இலாபத்தைக் கேட்டு முடித்த அதிகாரம் அங்கே முடியவில்லை. முதற்பலன் கொண்டுவரச் சொல்லும் உபாகமம் 26ஆம் அதிகாரமும், கொண்டுவந்தவன் தன்னோடு தங்கும் அந்நியனையும் சேர்த்துக்கொண்டு மகிழ வேண்டும் என்கிறது. இரண்டு அதிகாரம் முன்னதாக, கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சட்டம் இருக்கிறது.

நம் ஊர் அந்நியன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கோழிப்பண்ணைகளிலும் சேகோ ஆலைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். ஜெபித்து அனுப்பிய லாரியை நாள் கணக்கில் சரியாகத் தூங்காமல் ஓட்டிக்கொண்டு வடக்கே போகும் டிரைவர். காணிக்கையில் பத்தில் ஒன்று சரியாக வந்ததா என்று பார்க்கும் நாம், மீதி ஒன்பது எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. ஜெஸ்ஸியிடம் இருந்தது கொத்துக்கரண்டியும் மருந்துப் பெட்டியும். நம்மிடம் இருப்பவை பண்ணைகள், வண்டிகள், ஆலைகள், பள்ளிகள். பெரிய ஈவுக்குச் சிறிய கணக்குக் கேட்பது சபையின் குற்றம், கொடுப்பவரின் குற்றம் மட்டும் இல்லை.

ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, தொழில் நடத்தும் அங்கத்தினர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். பண்ணையில் தங்கியிருப்பவர்களின் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, டிரைவருக்குப் பேட்டா பாக்கி நிற்கிறதா, சபைப் பள்ளி ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் சட்டப்படியான சம்பளம் போகிறதா என்று பெயர் சொல்லாமல், ஆனால் விடாமல் கேளுங்கள். பாக்கிகள் தீர்ந்த பிறகு ஏலத்தைத் தொடங்குங்கள். அன்று மதியம் நடக்கும் விருந்துக்கு அந்தத் தொழிலாளர்களையும் அழைத்து முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.