ஊர் சேர்த்துக்கொண்டால் போதுமா?

அகதிகளைச் சிற்றூர்களில் குடியமர்த்துவது பற்றிப் பேச்செடுத்தால், ஆஸ்திரேலியாவில் எல்லோரும் கைகாட்டும் ஊர் ‘நில்’. மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் நடுவழியில், கோதுமை வயல்களுக்கிடையே உள்ள இந்த ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அங்கிருந்த ‘லவ்-அ-டக்’ வாத்திறைச்சி ஆலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மியன்மாரிலிருந்து தப்பி, தாய்லாந்து எல்லை முகாம்களில் காலம் தள்ளி, மெல்பர்னை ஒட்டிய வெரிபீயில் குடியேறியிருந்த கரேன் அகதிகளை 2010இல் அது வேலைக்கு அழைத்தது.

அழைத்த விதம் நன்றாக இருந்தது. குடும்பத்தோடு வந்து ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார்கள். ஆலையின் பொது மேலாளர் ஜான் மில்லிங்டனும் மனைவி மார்கரெட்டும் உள்ளூர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்தார்கள். முதலில் வந்தவர்கள் சிலர்தான். ஐந்தாண்டில் கரேன் மக்கள் சுமார் 200 பேரானார்கள். இதனால் வட்டாரப் பொருளாதாரத்துக்குக் கிடைத்தது 4.15 கோடி டாலர் என்று 2015இல் டெலாய்ட் நிறுவனம் கணக்குச் சொன்னது.

அந்தத் தொகையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு மயக்கம் இல்லை. வாடகை வீடு கிடைக்காத திண்டாட்டம் ஒருபுறம். ஒரே ஆலையை நம்பி இத்தனை குடும்பங்கள் இருப்பது இன்னொருபுறம். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆலை போதுமா?

இதைவிடப் பெரிய ஓட்டை குவீன்ஸ்லாந்தின் பிலோயலாவில் தெரிந்தது. அங்கே ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கு இறைச்சி ஆலையில் வேலை இருந்தது, அக்கம்பக்கத்தின் அன்பும் இருந்தது. இல்லாதது விசா. 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடியற்காலையில் வந்து, ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளோடு பிடித்துப் போனார்கள். ஊரே போராடியும், கிறிஸ்துமஸ் தீவுவரை அலைக்கழிந்து அவர்கள் திரும்பியது 2022 ஜூனில், ஆட்சி மாறிய பிறகு.

நில்லுக்குப் போன கரேன்களிடம் நிரந்தர வதிவிட உரிமை இருந்தது. பிடிக்காவிட்டால் மூட்டை கட்டியிருக்கலாம். அப்படிப் போக முடிந்தவர்கள் தங்கியதுதான் அந்தத் திட்டத்தின் பலம். புகலிடம் தேடிப் படகில் வந்தவர்களுக்கோ அரசு வேறு விதி வைத்தது: ஐந்தாண்டு தற்காலிக விசா, அதில் மூன்றரை ஆண்டு உதவித்தொகை வாங்காமல் பிராந்தியப் பகுதியில் வேலையோ படிப்போ. முடித்தாலும் வேறொரு விசாவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது, அவ்வளவே. அதற்குத் தனித் தகுதிகள் வேண்டியிருந்தன. 2023 பிப்ரவரியில்தான் இந்த விசாக்காரர்களுக்கு நிரந்தர வழி திறந்தது. புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கு, அவர்களில் தமிழர்களும் உண்டு, அந்த வழி திறக்கப்படவில்லை.