பட்டறைக்குப் பக்கத்து வகுப்பறை

பூபேன் கக்கர் பம்பாயில் பட்டயக் கணக்காளர். ஓவிய ஆசை விடாததால் 1962இல், 28 வயதில், பரோடாவுக்குக் கிளம்பி வந்தார். அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் அவர் சேர்ந்தது ஓவியத் துறையில் அல்ல, கலை விமர்சனப் படிப்பில். ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்கு வேலையைப் பல ஆண்டுகள் விடவில்லை. கடைத்தெருவில் விற்கும் சாமிப் படங்களை வெட்டி ஒட்டிய அவருடைய ஆரம்பகாலப் படைப்புகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. 2016இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிப்பெரும் கண்காட்சி நடத்தியது.

நுண்கலையில் முதுகலைப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவருக்குக் கைப்பயிற்சி ஓரளவு வந்துவிடும். மாடலை வைத்து வரைவது, களிமண்ணில் தலை செய்வது, கல்லச்சில் படி எடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளில் ஒரு கல்லூரி என்ன தர முடியும்? தனக்கென ஓர் இடம், காலம், நிறைய கேள்விகள். இவற்றில் கேள்விகள் பட்டறைக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்து அறையில் வேறு யாரோ வேறு எதையோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கான சான்று பரோடாதான்.

1950இல் அந்தப் புலம் தொடங்கப்பட்டபோதே ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு கலை வரலாறும் ஒரே வளாகத்துக்குள் இடம்பெற்றது. அப்போது நாட்டிலிருந்த பழைய ஓவியப் பள்ளிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கைவினைப் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டவை. அவற்றில் பட்டயம்தான் கிடைத்தது. பரோடாவில் அது பல்கலைக்கழகப் பட்டமானது. என்.எஸ். பேந்த்ரே, சங்கோ சவுத்ரி போன்றோர் ஆசிரியர்களாக வந்தனர். பின்னாளில் கலை வரலாற்றுத் துறையை வளர்த்த ரத்தன் பரிமூவும் அடிப்படையில் ஓவியர்தான். வரைகிறவர் எழுதவும் எழுதுகிறவர் வரையவும் தடையில்லாத ஒரு வளாகம் அப்படித்தான் உருவானது.

அந்த வளாகத்தின் மனநிலையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944இல் சாந்திநிகேதன் போனார். தாகூர் 1919இல் தொடங்கிய கலாபவனத்தில் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் படித்தார். பரோடாவில் ஆசிரியரான பிறகு 1955இல் லண்டன் ஸ்லேடு கலைப் பள்ளிக்குப் போய்வந்தார். இடையில் கைத்தறி வாரியத்திலும் வேலை பார்த்தார். சுடுமண் புடைப்புச் சிற்பம், கண்ணாடி ஓவியம், பொம்மை, குழந்தைகளுக்கான படக்கதை, கலைக் கட்டுரை என்று எதையும் அவர் தனக்குக் கீழானதாக நினைக்கவில்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து பரோடாவில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நடத்திய நுண்கலைச் சந்தையில் பொம்மைகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். முதுகலை மாணவர் ஒருவர் தன் சொந்தப் பாணியைத் தேடித் தவித்துக்கொண்டிருக்கும்போது பேராசிரியர் அருகில் உட்கார்ந்து மரப்பொம்மை செய்வதைப் பார்ப்பது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுத முடியாத பாடம்.

குலாம் முகமது ஷேக்கின் பாதை இன்னொரு மாதிரி. பரோடாவில் முதுகலை முடித்து அங்கேயே ஆசிரியராகி, 1963இல் உதவித்தொகையோடு லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தவற்றில் பெரியது வகுப்பறைக்கு வெளியே இருந்தது: விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் முகலாய, ராஜஸ்தானி சிற்றோவியங்கள், இத்தாலியப் பயணங்களில் பார்த்த சியேனா நகரத்துச் சுவரோவியங்கள். ஒரே சட்டகத்துக்குள் பல காலங்களும் பல இடங்களும் ஒன்றாக வாழலாம் என்ற துணிவு அவருக்கு இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. திரும்பி வந்து அவர் முதலில் கற்பித்தது கலை வரலாறு; ஓவியம் பிறகுதான். 1980களில் வரைந்த ‘விற்பனைக்கு ஒரு நகரம்’ ஓவியத்தைப் பார்க்கிறவருக்கு அந்த வரலாற்று வகுப்புகள் வீண்போகவில்லை என்பது புரியும்.

இந்த வழியில் வந்தவர்கள் இன்னும் உண்டு. அனிதா துபே பரோடாவில் கலை விமர்சனம் படித்தவர். 1987இல் கேரள இளைஞர்களை மையமாகக் கொண்ட தீவிரக் கலைஞர் குழு பரோடாவில் ‘கேள்விகளும் உரையாடலும்’ என்ற கண்காட்சியை நடத்தியபோது அதன் அறிக்கையை எழுதினார். பிறகு தானே சிற்பியானார். 2018 கொச்சி பியென்னாலேயின் பொறுப்பாளரும் ஆனார். பெங்களூரில் பொருளாதாரமும் உளவியலும் படித்துவிட்டு வந்த என். புஷ்பமாலா பரோடாவில் சிற்பத்தில் முதுகலை முடித்தார். இன்று அவர் அறியப்படுவது தன்னையே விதவிதமான வேடங்களில் நிறுத்திப் படமெடுக்கும் ஒளிப்படங்களுக்காக. சுடுமண்ணில் தொடங்கிய கை கேமராவுக்கு நகர்ந்ததை எந்தத் தேர்வாளரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சென்னைக் கலைக் கல்லூரியின் கதை வேறு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. தேவிபிரசாத் ராய் சவுத்ரியும் அவருக்குப் பின் 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் அதைக் கலைஞர்களின் இடமாக்கினார்கள். சிற்பி தனபால் போன்ற ஆசிரியர்களின் தூண்டுதலில் மாணவர்கள் கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்து வரைந்தார்கள். கோட்டின் வலிமையில் சென்னைக்கு இணை இல்லை என்பது என் கட்சி. ஆனால் பரோடாவில் இருந்ததுபோல ஒரு வலுவான கலை வரலாற்றுத் துறை கல்லூரிக்குள் இல்லை. சென்னைக் கலை இயக்கம் தேசிய அளவில் குறைவாகப் பேசப்பட்டதற்கு டெல்லி, பம்பாய் சந்தையைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். எழுதுகிறவர்களை நாமே போதுமான அளவு வளர்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குறையைச் சிற்றிதழ்கள் ஓரளவு ஈடுகட்டின. கசடதபற இதழின் காலத்தில் ஓவியர்கள் ஆதிமூலமும் பாஸ்கரனும் கவிஞர்களோடும் கதைக்காரர்களோடும் கலந்து பழகினார்கள். சென்னை ஓவியருக்குப் பக்கத்து அறை கல்லூரிக்கு வெளியே, இலக்கியத்தில் இருந்தது. நம் பத்திரிகைகளின் கதைப்படங்கள் மாறிப்போனது அந்த உறவால்தான்.

முதுகலைப் படிப்பின் கடினமான பகுதி மதிப்பீடு. ஆண்டிறுதியில் வேலைகளைச் சுவரில் மாட்டி, தரையில் நிறுத்தி வைப்பதை மாணவர்கள் ‘டிஸ்ப்ளே’ என்பார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுற்றி வருவார். ஏன் இந்த அளவு, ஏன் இந்த நிறம், இதற்கு முன் இதை யார் செய்திருக்கிறார்கள் என்று கேட்பார். அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் மைக்கேல் ஆஷர் நடத்திய விமர்சன வகுப்பு காலையில் தொடங்கி இரவு வெகுநேரம் வரை ஒரே மாணவரின் வேலையைச் சுற்றிக்கூட நீளுமாம். நம் ஊரில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் கல்லூரிகளும் உண்டு. வேலையைப் பற்றி வாய்திறந்து பேசத் தெரியாமல் பட்டம் வாங்கியவர் பிறகு கேலரிக்காரரின் வார்த்தைகளைக் கடன் வாங்க வேண்டியதுதான்.

2007 மே மாதம் பரோடாவில் தேர்வுக்காக வைத்த வேலைகளைக் காட்டி, மத உணர்வு புண்பட்டதாக வெளியாட்கள் வளாகத்துக்குள் புகுந்தனர். முதுகலை மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து மாணவர்கள் வைத்த கலை வரலாற்றுக் காட்சியை மூட மறுத்த பொறுப்புப் புலத்தலைவர் சிவாஜி பணிக்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர் கலை வரலாற்று ஆசிரியர். முடிவடையாத வேலையை அச்சமின்றி வைத்துப் பார்க்கும் இடம் தேர்வறை. அந்த நம்பிக்கை அன்று உடைந்தது.

வேறு வகை நெருக்கடியும் உண்டு. கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் நெட் எனும் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் தேவைப்படுகிறது. நெட் தேர்வில் காண்கலைக்கும் கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிக்கும் வினாத்தாள்தான். முனைவர் பட்டமென்றால் பெரும்பாலும் தடித்த ஆய்வேடு. பிரிட்டனிலும் பின்லாந்திலும் படைப்பையே ஆய்வாக ஏற்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. நம்மூரில் நல்ல சிற்பி ஒருவர் ஐந்து ஆண்டுகள் உளியைக் கீழே வைத்துவிட்டு அடிக்குறிப்பு எழுதும் நிலை. எழுத்து வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கக்கரும் ஷேக்கும் எழுதியவர்கள்தான். அந்த எழுத்து அவர்கள் ஓவியத்துக்குள் திரும்பி வந்தது.

அப்படித் திரும்பி வந்ததற்கு நம் மொழியிலேயே நல்ல சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தா. சனாதனன் டெல்லியில் ஓவியம் படித்து, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, யாழ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார். 2011இல் வந்த அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ நூலில் போரில் வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த தங்கள் வீட்டு வரைபடங்கள், அவற்றின் கட்டடக்கலை வடிவம், ஓவியரின் சித்திரம் மூன்றும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆவணமும் ஓவியமும் அதில் ஒன்றையொன்று விடுவதில்லை.

படிப்பு முடிந்த மறுநாள் பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் ஆறடிக் கித்தானை எங்கே சாய்ப்பது? கே.சி.எஸ். பணிக்கர் இந்தக் கேள்வியைச் சென்னைக் கல்லூரி முதல்வராக இருந்தபோதே எடுத்துக்கொண்டார். மாணவர்களும் நண்பர்களும் பாத்திக் துணிகள் செய்து விற்ற பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. அந்தக் கடற்கரையில் இன்று அப்படி ஒரு காணி வாங்க எந்தப் பாத்திக்கும் போதாது. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் பட்டறைகளில் இப்போதும் இளைஞர்கள் இடம் பெற்று அச்சு எடுக்கிறார்கள், சுடுமண் செய்கிறார்கள். மாவட்டங்களில் அதுவும் இல்லை. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்தவர் பெரிய அச்சு எந்திரம் ஒன்றைத் தேடிச் சென்னைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.